காய்ந்த மையும் அப்பப்பாவின் பேனையும்

கச்சான் காற்று ஓயாது வீசிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது. கப்பல்துறையிலுள்ள எமது இல்லத்தின் முன்விறாந்தையில், தாள்கள் பறந்துவிடாதபடி அவற்றின்மேற் சிப்பிகளைப் பாரமாக வைத்துக்கொண்டு இவ்வாரத்துக்கு எதை எழுதலாமென்று நாம் சிந்தித்திருந்தோம். அவ்வேளையில் அயல்வீட்டுப் பிள்ளை, உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயில்பவள், கைக்குட்டையிற் பொதிந்த ஏதோவொன்றை ஏந்திக்கொண்டு வந்தாள். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு பழைய குமிழ்முனைப் பேனை.

“மாமா, இது அப்பப்பாவின்ர பேனை. எழுதுதில்லை. கடையில காட்டினன், தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொல்லுகினம்” என்றாள்.

பின்னாலேயே அவளது அப்பம்மாவும் படியேறி வந்துவிட்டார். “எறியவேண்டாம் தம்பி. அவர் கடைசியா எழுதின மை அதுக்குள்ளதான் கிடக்குது” என்று சொல்லி, மேலே பேசாமல் வாங்கிலில் அமர்ந்துகொண்டார்.

பேனையின் வரலாறு எமக்கு முன்னரே தெரியும். அப்பெரியவர் இளைஞராயிருந்த காலத்திலே, திருக்கோணமலையில் ஆங்கிலேயரின் கடற்படைத் தளத்திற் பண்டசாலை எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அத்தளம் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பிய மேலதிகாரியொருவர் தம் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். உருக்கு மூடியும் நைலோன் உடலுங்கொண்ட பார்க்கர் ஜொட்டர். 1954ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்கு வந்த வகை அது. அன்றுதொட்டுத் தம் கண்பார்வை மங்கும்வரைக்கும் வீட்டுக் கணக்கு, பிள்ளைகளுக்குக் கடிதம், கோயிற் சபைக் குறிப்பு யாவற்றையும் அதனாலேயே எழுதினார். இடையிடையே மைக்குழாய் மட்டும் மாறும். இறுதியாக மாற்றிய குழாய் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக மேசை இழுப்பறையில் உறங்கிக் கிடந்தது. அவர் காலமாகி இப்பொழுது மூன்றாண்டு.

எமது வாசகர் பலரது வீட்டிலும் இத்தகைய பேனையொன்று இருக்கக்கூடும். ஆதலால் அன்று நாம் செய்ததையும், செய்யாது விட்டதையும் விரிவாகவே எழுத எண்ணினோம்.

முதலில் இம்மையின் குணத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். மையினை அறியாது பேனையைக் கழுவப் புகுந்தோர் பேனையைக் கெடுத்தே விட்டிருக்கின்றனர்.

உருளும் குண்டினால் எழுதலாமென்ற எண்ணம் புதியதன்று. 1888ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான ஜோன் லௌட் என்பவர், தோலின்மீது அடையாளமிடுதற்காக அத்தகைய பேனையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தோலிற் கீறிற்று, தாளிற் சரிவரவில்லை. குற்றம் குண்டில் இல்லை, மையில் இருந்தது. மை நீர்த்தால் ஒழுகிற்று, தடித்தால் நின்றுவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ, அச்சகத்தின் மை தாளிற் பட்டதும் காய்ந்துவிடுவதைக் கண்டார். அதை ஊற்றுப்பேனையில் இட்டாலோ கூரினூடே இறங்க மறுத்தது. இரசாயனம் அறிந்த தம் சகோதரர் யோர்கியுடன் சேர்ந்து, தடித்த மையையும் அதற்கேற்ற குண்டுமுனையையும் ஒருங்கே அமைத்து, 1938இல் பிரித்தானியாவிற் காப்புரிமை பெற்றார். போர்க்காலத்தில் ஆர்ஜென்ரீனாவுக்குக் குடிபெயர்ந்து 1943இல் அங்கும் பெற்றார். பிரோ பிறந்த செப்ரெம்பர் 29ஆம் நாளையே ஆர்ஜென்ரீன மக்கள் கண்டுபிடிப்பாளர் தினமாகக் கொண்டாடி வருகின்றனர்.

அப்பேனைக்கு முதலில் மதிப்பளித்தோருள் பிரித்தானிய விமானப் படையினர் முக்கியமானோர். விமானம் உயரப் பறக்குங்கால் வெளிக்காற்றின் அமுக்கம் குறைகிறது. ஊற்றுப்பேனையினுள் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. வரைபடமும் சட்டையும் மைமயமாகின்றன. குமிழ்முனைப் பேனையில் இத்தொல்லை இல்லையென்று கண்டு, ஏறத்தாழ 30,000 பேனைகளைத் தம் விமானிகளுக்கென அப்படையினர் வாங்கினர். எமது சீனன்குடாவும் அப்பொழுது அதே படையின் விமானத் தளங்களுள் ஒன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்ததையும், எண்ணெய்த் தாங்கியொன்று பற்றி எரிந்ததையும் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்று வகுப்பறையிலே காலில் மிதிபடும் பேனைக்கும் அந்த வானத்துக்கும் உறவுண்டென்று சொன்னபோது எம்மிடம் வந்த பிள்ளை நம்பாதவள்போல் எம்மை நோக்கினாள்.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டின் ஒக்டோபர் 29ஆந் திகதி, நியூயோர்க் நகரக் கடையொன்றில் ரெனால்ட்ஸ் என்பாரின் குமிழ்முனைப் பேனை 12½ டொலருக்கு விலைப்பட்டது. சனங்கள் ஆயிரக்கணக்கில் முண்டியடித்து வாங்கினர். பின்னர் ஒழுகுகின்றதென்றும் இடையிடையே எழுதாது விடுகின்றதென்றும் திருப்பிக் கொண்டுவந்தோரும் மிகப் பலர். 1950ஆம் ஆண்டு டிசெம்பரில் பிரான்சிலே மார்செல் பிக் வெளியிட்ட மலிவான பேனையே இத்தொழிலை நிலைநிறுத்திற்று. ஆறுபட்டை கொண்ட கண்ணாடிபோன்ற உடலும், அதன் நடுவே ஒரு நுண்துளையும் உடையது அது. அத்துளையைக் கண்டு பேனை பழுதென்று எண்ணி மெழுகினால் அடைத்த புத்திசாலியொருவர் எம்முடன் படித்தார். மை இறங்க இறங்க அதன் பின்னே காற்று நுழைதல் வேண்டும். அதற்கான வழியே அத்துளை. அடைத்தால் மை நின்றுவிடும். எழுதாத பேனையைக் கண்டால் முனையைப் பார்ப்பதற்கு முன்பு பின்பக்கத்தைப் பாருங்கள் என்று நாம் சொல்வது இதன் பொருட்டே.

இப்போது முனைக்கு வருவோம். அங்கே இருப்பது ஒரு மில்லிமீற்றர் அல்லது அதனினுஞ் சிறிய குண்டு. பெரும்பாலும் தங்ஸ்தன் காபைட் எனும் மிகக் கடினமான பொருளாற் செய்யப்பட்டது. பித்தளையாலோ உருக்காலோ ஆன குழிவினுள் அது அமர்ந்திருக்கும். வெளியே விழாதபடி குழிவின் விளிம்பு உட்புறமாக மடித்து நெரிக்கப்பட்டிருக்கும். குண்டு தாளிற் படும்போது உருள்கிறது. உட்பக்கத்திற் பூசிய மை வெளிப்பக்கம் வருகிறது. ஆகவே அக்குண்டே கதவு, அக்குண்டே பூட்டு.

மையோ நீரிற் கரைத்ததன்று. சாயம், பிசின், இவ்விரண்டையுங் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய்போன்ற கரைப்பான் என்பவற்றாலானது. அக்கரைப்பான்களுள் முதன்மையானவை பென்சைல் அற்ககோலும் பீனொக்சி எதனோலும். முன்னது 205 பாகை சென்ரிகிரேட்டிலும் பின்னது ஏறத்தாழ 245 பாகையிலுமே கொதிக்கும். நீர் 100 பாகையிற் கொதிப்பதை நினைத்துப் பாருங்கள். இவை எத்துணை மெதுவாக ஆவியாகும் என்பது விளங்கும். தாளிலே நாம் எழுதியதும் மை காய்ந்துவிட்டதென்று எண்ணுகிறோம். உண்மையில் அது தாளின் நாருக்குள் உறிஞ்சப்பட்டிருக்கிறதேயன்றி முற்றாகக் காயவில்லை. கரைப்பான் மாதக்கணக்கிலும் அதற்கு மேலும் சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டே இருக்கும். எத்துணை எஞ்சியிருக்கிறதென அளந்து, ஓர் எழுத்து அண்மையில் எழுதப்பட்டதா அன்றோவென ஆவணப் பரிசோதகர் ஆராய்வதும் உண்டு. பழந்திகதி இட்டுப் புதிதாக எழுதிய கள்ள உறுதிகளுக்கு இது நல்ல செய்தியன்று.

தாளில் உடனே உலர்ந்ததுபோல் இருத்தல் வேண்டும். பேனைக்குள் ஆண்டுக்கணக்கில் உலராதிருத்தலும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு கட்டளைகளையும் ஒரே மைக்கு இட்டவர்கள் அதிற் பெரும்பாலும் வெற்றியும் பெற்றுவிட்டார்கள். ஆயினும் பத்துக் கச்சான்காலம் ஒரு மேசை இழுப்பறையின்மீது வீசிப் போனால், எந்த மையும் ஒருநாள் தோற்கத்தான் செய்யும். முதலில் தோற்பது கதவண்டையிலுள்ள மை. குண்டுக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில், கரைப்பான் போய்ப் பிசின் மட்டும் எஞ்சிக் கோந்துபோல் இறுகிவிடும். குண்டு உருளாது. குழாய் நிறைய நல்ல மை இருந்தாலும் பயனில்லை. கடைக்காரர் எறியச் சொன்ன பேனைகளுட் பல இவ்வகையினவே. இவற்றைப் பிழைக்கச் செய்யலாம். குழாயிலுள்ள மை முழுதும் தடித்துவிட்டால் மட்டும் மருந்தில்லை. இவ்விரண்டில் எது நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்வதே முழு வேலையும்.

பிள்ளையின் பேனையிலிருந்த குழாய் உலோகத்தாலானது. உள்ளே மை உண்டா இல்லையா எனக் கண்ணாற் காண வழியில்லை. சாதாரணக் குழாயொன்று 2 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கோடு கீறவல்லது. அப்பப்பா எவ்வளவு கீறினாரென்று யார் கண்டார்? பிள்ளையே ஒரு வழி சொன்னாள். பட்டினத்திலே நகைக்கடை வைத்திருக்கும் அவளது சித்தப்பாவிடம் அதே வகையான புதுக் குழாயொன்றையும் பழையதையும் கொடுத்து நிறுத்துப் பார்த்தாளாம். பழையது சற்றே குறைந்தது, வெறுமையன்று. பொன் நிறுக்கும் தராசு மை நிறுத்ததை எண்ணி நாம் மகிழ்ந்தோம். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை என்பது வீணில்லை.

பேனையைத் திருகிக் கழற்றிக் குழாயையும் சுருள்வில்லையும் வெளியே எடுத்தோம். உருப்பெருக்குக் கண்ணாடியால் முனையைப் பார்த்தபோது, குண்டைச் சுற்றி ஒரு கறுத்த வளையம். அதிலே பஞ்சிழையொன்றும் சிக்கியிருந்தது. சட்டைப்பையில் மூடாமல் வைக்கும் பேனைகளுக்கு இது வழக்கம். நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து இழையை நீக்கினோம். பின்னர் சொரசொரப்பான தாளொன்றிலே மெல்ல வட்டமிட்டோம். வழுவழுப்பான தாளிற் குண்டு சறுக்கும், உருளாது. சப்பாத்தின் றப்பர் அடியில் உருட்டுவதும் நன்று. அழுத்துதல் மட்டும் ஆகாது. சினங்கொண்டு தாளைக் குத்திக் கிழிப்போரை நாம் பரீட்சை மண்டபங்களிலே கண்டிருக்கிறோம். அவர்கள் மையை வரவழைப்பதில்லை, நெரித்த விளிம்பையே கோணலாக்குகிறார்கள். கோணிய விளிம்பை நேராக்கும் வல்லமை எந்தத் தட்டானுக்கும் இல்லை.

மை வரவில்லை. அடுத்தது வெந்நீர். கை பொறுக்கும் சூட்டில், ஒரு சிறு கிண்ணத்தில் முனை மட்டும் அமிழும்படி ஐந்து நிமிடம் நிறுத்தினோம். இங்கே ஒரு சொல்: இம்மையை நீர் கரைக்காது. சூடு மட்டுமே வேலை செய்கிறது; சூடேறத் தடித்த மை இளகும். நீர் கரைக்காதென்பதை நாம் இரசாயன நூலிற் படிப்பதற்கு முன்பே, துயரமான முறையில் அறிந்துகொண்டோம். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளிலே கடல் ஏறிய பின்னர், எம் உறவினரொருவர் தம் வீட்டு அலுமாரியிலிருந்து மீட்ட கொப்பிகளைப் பாயில் விரித்து வெயிலில் உலர்த்தினார். ஊற்றுப்பேனையால் எழுதிய பக்கங்கள் நீல மேகமாகக் கலைந்து கிடந்தன. குமிழ்முனைப் பேனையால் எழுதிய பக்கங்களில் தாள் சுருங்கியதேயன்றி எழுத்து நின்றது. பிள்ளைகளின் பிறந்த நேரங்களை அவர் மறுபடி பெயர்த்து எழுதிக்கொண்டது அப்பக்கங்களிலிருந்துதான். ஆனால் நீருக்கு அஞ்சாத அதே மை வெளிச்சத்துக்கு அஞ்சும். அதன் ஊதாச் சாயம் வெயிலில் வைத்தால் வெளிறிவிடும். பழைய கடிதங்களைச் சுவரிற் சட்டமிட்டுத் தொங்கவிடும் அன்பர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும்.

வெந்நீருக்கும் குண்டு அசையவில்லை. சிலர் இவ்விடத்தில் நெருப்புக்குச்சியைக் கொளுத்தி முனையைச் சுடுவர். நாமும் மாணவப் பருவத்திற் செய்தோம். பிளாஸ்ரிக் குழாய் வளைந்து மேசைமீதும் சட்டைமீதும் மை சிந்திற்று. வாத்தியார் கையாற் பிரம்படியும் கிடைத்தது. உலோகக் குழாயாயினும் வேண்டாம். குழாயின் பின்மூடி பிளாஸ்ரிக். சூடேறிய மை எப்பக்கம் பாயுமென்று சொல்ல முடியாது. வாயை வைத்துப் பின்புறம் ஊதுவதும் அதே வரிசையைச் சேர்ந்த வித்தை. நீல உதட்டோடு வகுப்பில் இருந்தோரின் பெயர்களை இங்கே வெளியிடாது விடுகிறோம். அவர்களுள் இருவர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள்.

ஆகவே ஸ்பிரிட்டை எடுத்தோம். மருந்துக்கடையிலே காயங் கழுவ விற்கும் அதே சாதாரண ஸ்பிரிட். சாயத்தையும் பிசினையும் அது கரைக்கும். போத்தல் மூடியொன்றில் ஒரு தேக்கரண்டியளவு ஊற்றி, குண்டு மட்டும் தோயும்படி குழாயை நிறுத்தி வைத்தோம். அடுப்படிக்கும் சாமி விளக்குக்கும் தூரமாக, காற்றோட்டமுள்ள இடத்திலே செய்ய வேண்டிய காரியம் இது. சிறுவர் தனியே செய்தலாகாது. பத்து நிமிடத்தில் எடுத்துத் துடைத்து, தாளில் வட்டமிட்டோம். ஒன்றுமில்லை. மறுபடி பத்து நிமிடம். துடைத்த துணியிலே ஊதாப் புள்ளியொன்று தோன்றிற்று. அப்பம்மா வாங்கிலிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். மூன்றாம் முறை வட்டமிட்டபோது முதலில் வெளிறிய நீர்க்கோடு, பின்னர் வெறுமை, பின்னர் திடீரென நல்ல நீலம்.

ஒரே தடவையில் இரவு முழுவதும் ஊறவிட்டால் என்னவென்று பிள்ளை கேட்டாள். ஊறினால் ஸ்பிரிட் உள்ளே சென்று நல்ல மையையும் நீர்க்கச் செய்யும். பிறகு அது எழுதாது, ஒழுகும். சிறிது சிறிதாகச் செய்தலே முறை. நகப்பூச்சு நீக்கும் அசற்றோன் இன்னும் விரைந்து கரைக்குமென்று யாரோ சொன்னார்களாம். கரைக்கும், பிளாஸ்ரிக் உடலையும் சேர்த்துக் கரைக்கும்.

குண்டு திறந்த பின்னும் மை வராவிட்டால், முனைக்கும் மைக்குமிடையே காற்றுக்குமிழி தங்கியிருத்தல் கூடும். காய்ச்சல் பார்க்கும் பழைய இரசக் குழாயை வைத்தியர் உதறுவாரே, அவ்வாறு முனை வெளிப்புறமாக இருக்கும்படி பிடித்து உதறல் வேண்டும். முனையைத் துணியாற் சுற்றிக்கொள்ளாவிடிற் சுவரை வெள்ளையடிக்க நேரும். எமக்கு அது தேவைப்படவில்லை.

மை வந்தது. பேனையைக் கூட்டி முடிப்பதற்கு முன்னர் உடலையும் துப்புரவு செய்தோம். பல்லாண்டுகளாக முனைத்துளையின் உட்புறத்திலே படிந்த நீலக் கசடு, குழாய் வந்துபோகும் வழியை அடைத்திருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துப் பிழிந்து, சுழற்றிச் சுழற்றி எடுத்தபோது பன்னிரண்டு குச்சி நீலமாயிற்று. சுருள்வில்லிலே துரு. கடலோரத்து உப்புக் காற்று இரும்பெனக் கண்டதை விடுமா? துணியால் அழுந்தத் துடைத்து உலரவிட்டோம். எண்ணெய் இடவில்லை, எண்ணெய் மையோடு கலந்து மேலுங் கசடாகும்.

ஊற்றுப்பேனை வைத்திருப்போர் இவற்றைப் படித்துவிட்டுத் தம் பேனையை ஸ்பிரிட்டில் இடாதிருக்குமாறு வேண்டுகிறோம். அதன் மை நீரிற் கரைவது. பச்சைத் தண்ணீரே போதும். ஸ்பிரிட் அதன் உடலைக் கெடுத்துவிடும். இப்போது பிள்ளைகள் விரும்பும் ஜெல் பேனையின் மையும் நீரிலானதே; அதற்கு இளஞ்சூட்டு நீர் பொருந்தும்.

இதற்கிடையில், நாம் தடுத்தும் கேளாமல், பிள்ளை தன் வெள்ளைப் பாடசாலைச் சட்டையோடு மேசையருகே குனிந்து நின்றதன் பயனாக, கைப்பகுதியில் ஒரு நீலக் கறை. இல்லத்தரசியருக்கு இதுவே இக்கட்டுரையில் வேண்டிய பகுதியாயிருக்கலாம். உடனே சவர்க்காரம் போட்டுக் கசக்காதீர்கள். கறை அகலும், அகன்று நிலைக்கும். கறையின் கீழே மடித்த பழந்துணியொன்றை வைத்து, மேலே ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுதல் வேண்டும். தேய்த்தலாகாது. நீலம் கீழ்த்துணிக்கு இறங்கும். இறங்க இறங்கக் கீழ்த்துணியை நகர்த்திச் சுத்தமான இடத்தை வைக்கவேண்டும். கறை மங்கிய பின்னரே சவர்க்காரம். நிறத் துணியாயின் உள்மடிப்பில் ஒரு துளி இட்டுச் சாயம் போகிறதாவெனப் பார்த்துச் செய்க.

எழுதத் தொடங்கிய பேனையை அப்பம்மாவின் கையிற் கொடுத்தோம். பெயர் எழுதுவார், அல்லது கணவரின் பெயரை எழுதுவார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவரோ பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிக் கணக்குக் கொப்பியை எடுப்பித்தார். பெரியவர் தம் கையாற் கடைசியாக எழுதிய பக்கம்: பால், மண்ணெண்ணெய், தேங்காய், மின்சாரக் கட்டணம். அதன் கீழே அன்றைய திகதியை இட்டு, “பால் 1 போத்தல்” என்று நடுங்கும் கையால் எழுதினார். பிறகு முட்டை, பிறகு சீனி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனார். பதினொரு வரி எழுதியதும் கோடு வெளிறியது. பன்னிரண்டாவது வரியிற் பள்ளம் மட்டும் விழுந்தது.

குழாயை மறுபடி வெந்நீரில் நிறுத்தினோம். இளஞ்சூடு இருக்கும்வரை எழுதிற்று, ஆறியதும் நின்றது. நாம் தேடிய விடை அதுவே. குண்டு திறந்துவிட்டது, அடைப்பு இல்லை. சூட்டில் வந்து ஆறினால் நிற்குமாயின், குழாயினுள் உள்ள மையே தடித்துவிட்டது. பத்தாண்டில் வெளியேறிய கரைப்பானைத் திருப்பி உள்ளே ஊட்டவியலாது. பின்புறமாக ஒரு துளி ஸ்பிரிட் விட்டுப் பார்ப்போமா என்று பிள்ளை கேட்டாள். மேலே உள்ள மை நீர்த்து ஒழுகும், கீழே உள்ளது அப்படியே இருக்கும் என்றோம். இத்தகைய பேனையைப் பரீட்சைக்குக் கொண்டுசெல்வதும், உறுதியிலோ வங்கிப் பத்திரத்திலோ அதனாற் கையொப்பமிடுவதும் தகாதன. பாதியில் விட்டுப்போன கையொப்பத்தின்மேல் மறுபடி கீறினால், அது திருத்தப்பட்டதென்று ஐயுற இடமாகும்.

அப்பம்மாவிடம் இதனைச் சொல்வதற்கு நாம் சொற்களைத் தேடினோம். அவர் எம்மைத் தேடவிடவில்லை. “முடிஞ்சுதோ தம்பி? சரி, முடியட்டும். எழுதினதுதானே” என்றார்.

பார்க்கர் குழாயின் அளவு 1954இல் இருந்ததே இன்றும் இருக்கிறது. பிற கம்பனிகளும் அவ்வளவையே பின்பற்றியதனால் அது சர்வதேச நியமங்களுள் ஒன்றாகவும் ஆகிவிட்டது. எழுபதாண்டு முன்னர் செய்த உடலினுள் நேற்றுச் செய்த குழாய் இடறின்றிப் பொருந்துமாறு செய்தவர்களை நாம் பாராட்டுகிறோம். இன்று விற்கும் பேனைகளுட் பெரும்பாலானவற்றைத் திறக்கவே வழியில்லை, எறியும்படியே செய்திருக்கிறார்கள். நகைக்கடைத் தராசிலே நிறுக்கப்பட்ட அந்தப் புதுக் குழாயையே உள்ளே இட்டுத் திருகினோம். தலையை அழுத்தியதும் ‘டிக்’ என்ற ஓசையுடன் முனை வெளிவந்தது. அந்த ஓசையைக் கேட்டதும் அப்பம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பழைய குழாயை நாம் எறியவில்லை. அப்பம்மா அதைத் துடைத்து, நாம் வட்டமிட்ட சொரசொரத் தாளையே கிழித்துச் சுற்றி, முடிச்சிட்டு, இடுப்பிற் செருகிக்கொண்டு படியிறங்கினார். பிள்ளை தவணைப் பரீட்சைக்குக் கடையில் வாங்கிய இரண்டு பேனைகளையே கொண்டுபோனாள். அப்பப்பாவின் பேனை பால் கணக்கு எழுத வீட்டில் நின்றது.

போன புதன்கிழமை அவள் மறுபடி வந்தாள், அதே கைக்குட்டையோடு. இழுப்பறையை முற்றாகத் துழாவியதில் இன்னொன்று அகப்பட்டதாம்: பெரியவர் பண்டசாலையிற் சேர்ந்தபோது அவருடைய தகப்பனார் வாங்கிக் கொடுத்த ஊற்றுப்பேனை. அதன் றப்பர்ப் பை இளகிப் பாணிபோல் உள்ளே ஒட்டிக் கிடக்கிறது. அதனை வெளியே எடுக்கும் வகையை நாம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த ஞாயிறு எழுதுகிறோம்.